இளைஞன் நடந்த கோடும் நம் முழங்காலும்

நம் வயதுக்காரர்கள் இப்போது மலை நடைக்கு நிறையப் போகிறார்கள். நல்ல விஷயம். பணி ஓய்வுக்குப் பிறகு வாசல் திண்ணையும் டி.வி.யும்தான் என்று இருந்த காலம் போய், ஷூ வாங்கி, ஊன்றுகோல் வாங்கி, 'வட்டக்கானல் போகலாமா, மேகமலை போகலாமா' என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேச்சு வந்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவருடைய மகனோ மருமகனோ வாட்ஸ்அப்பில் ஒரு 'ட்ராக்' அனுப்பிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே நடந்து பதிவு செய்த வழி அது. "இதைப் போன்ல போட்டுக்கங்க சார், அது காட்டுற கோட்டுலயே நடந்தாப் போதும்." எல்லாருக்கும் திருப்தி. திட்டம் முடிந்தது.

என்னைக் கேட்டால், திட்டம் அங்கே தொடங்கவே இல்லை.

முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். சங்கிலி இழுத்து, கிராஸ் ஸ்டாஃப் ஊன்றி, எஃப்.எம்.பி. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பு வரப்பாய் நடந்த காலம் அது. அதனால் இவர் போன் மேப்பையும் ஜி.பி.எஸ்.ஸையும் திட்டப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய நாளிலிருந்துதான் இந்தக் கருவி நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்பட ஆரம்பித்தது. இன்று ஒரு சாதாரண போன் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வித்தியாசத்துக்குள் நம்மைக் காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் இதற்கு எத்தனை நாள் வேலை என்று எனக்குத்தான் தெரியும்.

என் வாதம் வேறு. அறுபதைத் தாண்டியவருக்கு வரைபடம் இளைஞனைவிட அதிகம் தேவை. ஆனால் இளைஞன் நடந்த கோடு அவருக்கு வழி ஆகாது. அந்தக் கோட்டில் இருப்பது அவன் நுரையீரலும் அவன் முழங்காலும். நமக்கான கோட்டை நாமேதான் உட்கார்ந்து போட வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழியை வைத்தே சொல்கிறேன். கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் தாண்டி, வெள்ளகவி ஊர் வழியாகக் கும்பக்கரையில் இறங்கும் பாதை. மலைச்சாலை போடுவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவும்தானே கோடைக்கு ஏறினார்கள். அந்தச் சரிவுதான் இது. யாரையும் நாளைக்கே கிளம்பச் சொல்லவில்லை, அனுமதி விஷயம் பின்னால் வருகிறது. தாளில் மட்டும் போட்டுப் பார்ப்போம்.

வட்டக்கானல் சுமார் 2,000 மீட்டர் உயரம். கும்பக்கரை அடிவாரத்தில் சுமார் 400 மீட்டர். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் நடுவில் ஆறேழு கிலோமீட்டர்தான். நடைக்குழு நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும், "தினமும் காலையில அவ்வளவு தூரம் நடக்கிறோமே" என்றார். தூரம் சரி. ஆனால் இறக்கம் 1,600 மீட்டர். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது அடுக்கி, உச்சியிலிருந்து படி வழியாக இறங்குவது போல. லிஃப்ட் கிடையாது, கைப்பிடி கிடையாது.

இந்த ஒரு எண்ணை வரைபடத்திலிருந்து எடுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் சொல்லித் தந்த சம உயரக் கோடுகள் நினைவிருக்கும். இந்திய சர்வேத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகளுக்கு நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் ஐந்தடி போனால் ஓரடி ஏற்றம், சமாளிக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருங்கிவிட்டால் இரண்டரை அடிக்கு ஓரடி. வீட்டு மாடிப்படியைவிடக் கொஞ்சம்தான் சாய்வு குறைவு, ஆனால் படியே இல்லாத மாடி! அந்த இடத்தை நான் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிடுவேன். போன் மேப்பிலும் இது உண்டு. கூகுளில் நிலப்பரப்பு அடுக்கைப் போட்டால் கோடுகள் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் ஒற்றையடிப் பாதையும் சேர்ந்தே தெரியும்.

(ஒரு சின்னப் புலம்பல். பழைய டோப்போஷீட் எண்முறையில் இந்தப் பகுதி 58 எஃப். அதில் கொடைக்கானல் ஒரு தாளின் கிழக்கு ஓரத்தில் வரும், கும்பக்கரை அடுத்த தாளுக்குப் போய்விடும். நமக்கு வேண்டிய இடம் எப்போதுமே இரண்டு தாள்களின் ஓரத்தில்தான் இருக்கும் என்பது சர்வேயர்களின் தலையெழுத்து. போன் மேப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதற்காகவே அதைக் கும்பிடலாம்.)

சரி, நேரம். 1892இல் ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் மணிக்கு மூன்று மைல். அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். நம் கணக்கில் மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. பல செயலிகளின் நேரக் கணக்குக்கு இந்த மாதிரி ஒரு சூத்திரம்தான் அடிப்படை. நம் வழி வளைந்து நெளிந்து 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடைக்கு 2 மணி 24 நிமிடம். கீழிருந்து ஏறுவதானால் 1,600 மீட்டருக்கு இன்னும் 2 மணி 40 நிமிடம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் உட்காரும் நேரம் இல்லை, தண்ணீர் குடிக்கும் நேரம் இல்லை, போட்டோ எடுக்கும் நேரம் இல்லை. நல்ல உடல் வலு உள்ளவருக்கான கணக்கு இது. எழுபது வயதுக்காரருக்கு நான் ஒன்றரை மடங்கு போடுவேன். ஏழரை மணி நேரம்.

'நாம்தான் இறங்கத்தானே போகிறோம்' என்பீர்கள். நெய்ஸ்மித் இறக்கத்துக்கு எதுவும் கூட்டவில்லை, உண்மைதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் செங்குத்தான இறக்கத்துக்கு 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டச் சொன்னார்கள். இறங்குவது சுலபம் என்பது நாற்பது வயதோடு முடிந்துபோன விஷயம். ஏறும்போது வேலை நெஞ்சுக்கு. அது மூச்சு வாங்கி நம்மை எச்சரிக்கும். இறங்கும்போது வேலை முழங்காலுக்கு. அது பாதி வழி வரை ஒன்றும் சொல்லாது. சொல்ல ஆரம்பிக்கும்போது நாம் மலையின் நடுவில் இருப்போம்.

இங்கேதான் திட்டத்தின் முக்கியமான புள்ளி வருகிறது. எந்த ட்ராக்கிலும் அது இருக்காது: எந்த இடத்தில் திரும்புவது? ஏறும் பயணத்தில் இந்தக் கேள்வி சுலபம். முடியவில்லையென்றால் திரும்பி இறங்கிவிடலாம். இறங்கும் பயணத்தில் திரும்புவது என்றால் ஏறுவது. ஆகவே திரும்பும் புள்ளியை மிகவும் மேலேயே வைக்க வேண்டும். வட்டக்கானலிலிருந்து இறங்குகிறவருக்கு அது டால்பின் நோஸ் பக்கம்தான். அங்கே உட்கார்ந்து பத்து நிமிடம் முழங்காலைத் தடவிப் பார்த்து, மணியைப் பார்த்து, முடிவெடுக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் வெள்ளகவி. அங்கே போய் முடியவில்லை என்றால் மேலேயும் பாரம், கீழேயும் பாரம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வயது அறுபத்தெட்டு, வேறொரு மலையில் இப்படித்தான் ஒரு ட்ராக்கை நம்பி இறங்கினார். பதிவு செய்த பையன் மூன்று மணி நேரத்தில் நடந்திருந்தான். இவர் காலை ஒன்பதரைக்குக் கிளம்பியிருக்கிறார், மூன்று மணி நேரம்தானே என்று. இருட்டியபோது அடிவாரத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கீழே தோட்டத்துக்காரர்கள் டார்ச் அடித்து மேலே வந்து கூட்டிப்போனார்கள். ஒரு கீறல் கூட இல்லாமல் வந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டில் மலை என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. மகன் ஷூவை எடுத்து பரணில் போட்டுவிட்டானாம். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. அவர் கால்கள் இன்னும் ஐந்து வருடம் நடந்திருக்கும்.

போன் மேப்பில் வரும் கோடுகளைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தபோது சுமார் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 57 நாள் எடுத்துக்கொண்டார். 1808இல் அவருடைய அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது மோதிச் சேதமாகி, அவரே உட்கார்ந்து பழுது பார்த்தார். அப்படி ஒவ்வொரு இடமாகப் போய் அளந்த பரம்பரை அது. இன்றைய செயலிகளில் வரும் சம உயரக் கோடுகளில் பெரும்பகுதி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் எடுத்த அளவிலிருந்து வருகிறது. அபாரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது பூமியைச் சுமார் முப்பது மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம். பத்து மீட்டர் செங்குத்துப் பாறை அதில் ஒரு மிதமான சரிவாக வழுவழுவென்று மாறிவிடும். அடர்ந்த சோலைக்காட்டில் தரையை விட்டு மரத்தின் மேற்பகுதியை அளந்திருக்கும். ஆகவே மேப்பில் 'சுமாரான சரிவு' என்று தெரிவது, அங்கே போனால் உட்கார்ந்து நகர வேண்டிய பாறையாக இருக்கலாம்.

ஒற்றையடிப் பாதைக் கோடும் அப்படியே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை வரைந்தவர் ஒரு தன்னார்வலர். அவர் நடந்த வருடத்தில் பாதை இருந்திருக்கும். நம் மலைகளில் ஆள் நடமாட்டம் நின்றால் இரண்டு மழைக்காலத்தில் உண்ணிச்செடி மூடிவிடும். மேப்பில் கோடு அப்படியே இருக்கும். மெல்லிய நீலக்கோடாகத் தெரியும் ஓடையும் ஜனவரியில் ஒன்று, நவம்பரில் வேறொன்று. மேலே மழை பெய்தால் கும்பக்கரையில் வெள்ளம் எப்படி வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேப்பில் அது எப்போதும் ஒரே நீலம்.

"அதான் சொல்றேன், போனே வேண்டாம். ஊர்க்காரரைக் கேட்டாப் போதும்" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஊர்க்காரரைக் கேட்க வேண்டும், கட்டாயம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. வெள்ளகவி ஊருக்குள் செருப்போடு நடக்கக் கூடாது என்பதையும் மேப் சொல்லாது; அங்கே தலைமுறை தலைமுறையாக வெறுங்காலில்தான் நடக்கிறார்கள். ஆனால் "எவ்வளவு தூரம் அண்ணே?" என்று மலைவாசி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "இந்தா, பக்கத்துல. ஒரு எட்டுத்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தலையில் மூட்டையோடு தினம் ஏறி இறங்கும் அவர் காலுக்கு அது ஒரு எட்டுத்தான். அவர் சொல்வதும் இன்னொருவருடைய ட்ராக்தானே! அவரிடம் தூரத்தைக் கேட்காதீர்கள், பாதையின் நிலையைக் கேளுங்கள். தூரத்தையும் உயரத்தையும் வரைபடத்திடம் கேளுங்கள்.

கருவி விஷயத்தில் நம் வயதினரிடம் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. டவர் இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பது. அப்படி இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போன் சும்மா கேட்டுக்கொள்கிறது, ரேடியோ கேட்பது மாதிரி. நான்கு கோள்கள் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். டவர் தேவைப்படுவது மேப் படத்தை இறக்குவதற்கு. அதை வீட்டிலேயே ஆஃப்லைனில் சேமித்துவிட்டால், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு நடக்கலாம். மலையில் இல்லாத டவரைத் தேடித்தேடித்தான் பேட்டரி தீர்கிறது. இன்னொன்று: கூகுளில் ஆஃப்லைன் மேப் சேமித்தாலும் இணையம் இல்லாமல் அது கார் வழிதான் சொல்லும், நடை வழி சொல்லாது. அதனால்தான் ஓஸ்மாண்ட் மாதிரி ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாறைச்சுவர் ஓரத்திலும் அடர்ந்த மரத்தடியிலும் புள்ளி இருபது முப்பது மீட்டர் தள்ளிக் குதிக்கும். அப்போது பதறி அங்குமிங்கும் நடக்காமல் வெட்டவெளிக்கு வந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அனுமதிக்கு வருகிறேன். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காய்ந்த புல் சரிவில் தீ ஏறி வந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளைஞர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழிகளை வகுத்து, இணையத்தில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சிலர் இதை 'நம் மலைக்குப் போக நாம் பணம் கட்டணுமா' என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. காட்டுத்தீக் காலத்தில் வழியை மூட ஒரு பொறுப்பான ஆள் இருக்கிறார் என்பது பெரிய விஷயம். போனில் கோடு தெரிகிறது என்பதற்காகக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. கோடு அனுமதிச்சீட்டு இல்லை. வழிகாட்டி கூட வந்தாலும், நம் திட்டத்தை நாம் போட்டு அவர் கையில் கொடுத்தால் அவருக்கும் நல்லது. 'இந்த ஐயாவுக்கு ஏழரை மணி நேரம் ஆகும்' என்று முன்னாலேயே தெரிந்தால் அவர் அதற்கேற்றபடி சீக்கிரம் கிளப்புவார்.

இத்தனையும் ஒரு தாளில் அடங்கும். நான் ஏ-4 தாளில் எழுதுகிறேன். எங்கே தொடங்குகிறோம், யார் யார், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு மேல் ஆனால் திரும்புவோம், எங்கே முடிப்போம். ஒவ்வொரு இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம எண்ணாக எழுதிவிடுவேன். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினாலே சுமார் பதினொரு மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். இணையம் இல்லாத இடத்தில் கூட இந்த இரண்டு எண்களை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்ப முடியும். லேசாக ஒரு கோடு சிக்னல் கிடைத்தால் போதும். 112ஐ அழைக்க நேர்ந்தால் 'ஒரு பெரிய பாறை பக்கத்தில் இருக்கிறோம்' என்று சொல்வதைவிட இரண்டு எண்களைப் படிப்பது எவ்வளவோ மேல். இந்தத் தாளின் ஒரு பிரதி என் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறையில். இன்னொன்று வீட்டில்.

வீட்டில் இருக்கும் அந்தப் பிரதிதான் முக்கியம் என்பேன். பிள்ளைகள் நம்மை 'போகாதீங்கப்பா' என்று சொல்வது நம் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நாம் எங்கே இருக்கிறோம், எப்போது கவலைப்பட ஆரம்பிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாததால்தான். நேரமும் இடமும் எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சின் சூடு பாதி குறைந்துவிடுகிறது. பெங்களூரிலிருக்கும் என் மகன் முன்பெல்லாம் 'ஏன் போறீங்க' என்று கேட்பான். இப்போது 'தாளை அனுப்பினீங்களா' என்று கேட்கிறான்.

என் வீட்டுக்காரி அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டி வைக்கிறாள். படித்துப் பார்த்துத் திருத்தமும் செய்வாள். போன முறை 'மாலை 4 மணிக்குள் போன் வராவிட்டால் வழிகாட்டியை அழைக்கவும்' என்று எழுதியிருந்தேன். அவள் 4ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 3 என்று போட்டு, வழிகாட்டியின் நம்பருக்குக் கீழே அவர் மனைவியின் நம்பரையும் கேட்டு வாங்கி எழுதியிருந்தாள்.